உலர் வார்டு கேடயம்

இயக்குநர் வழுக்கி விழுந்த நாளிலிருந்துதான் அந்த ஆஸ்பத்திரியில் தண்ணீருக்குக் கெட்ட காலம் ஆரம்பித்தது.

எலும்பு வார்டைப் பார்வையிட வந்தவர், யாரோ கைதவறிக் கவிழ்த்த அரை டம்ளர் தண்ணீரில் கால் வைத்தார். பின்னால் வந்த டாக்டர் படை அத்தனையும் பார்க்க மல்லாந்து விழுந்தார். அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் கட்டில்களில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கையும் காலும் உடைந்து மாவுக்கட்டோடு கிடப்பவர்களுக்குச் சிரிக்க வேறு சந்தர்ப்பம் ஏது? எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்ட இயக்குநர், ஆஸ்பத்திரியில் நடக்கிற கேடுகள் அத்தனைக்கும் ஈரம்தான் மூலகாரணம் என்பதை நின்ற இடத்திலேயே கண்டுபிடித்து அறிவித்தார். ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் ஒரு தடவை விழுந்து பார்க்கலாம்.

அப்படிப் பிறந்ததுதான் உலர்வு இயக்கம். கட்டிலோரத் தண்ணீர்க் கூஜாக்கள் போயின. குடிதண்ணீர் ஹெட் சிஸ்டரின் அலமாரிக்குள் பூட்டுக்குப் போனது. டிரிப் பாட்டிலின் குழாய் கழன்று மெத்தை நனைகிறது என்பதால், உலர்வுக் குழு அனுமதிக்காமல் யாருக்கும் டிரிப் ஏற்றக்கூடாது என்றானது. குழு எப்போதாவது கூடும். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் சிந்திவிடக்கூடாதென்று எல்லோருக்கும் சிறுநீர்க் குழாய் செருகிப் பை மாட்டினார்கள். மாதாமாதம் மிக உலர்ந்த வார்டுக்கு ஒரு வெள்ளிக் கேடயம்.

தீர்ப்புச் சொல்ல ஓர் அதிகாரி இருந்தார். மை ஒற்றும் தாளை எடுத்து ஒவ்வொரு மெத்தையிலும் அழுத்துவார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். நோயாளிகள் அவருக்கு ஒத்தடக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் வருகிறார் என்றால் ஹெட் சிஸ்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வார்டைச் சுற்றிவருவாள்.

இந்த எலும்பு வார்டுக்குத்தான் ஒரு பஸ் கண்டக்டரைத் தூக்கி வந்தார்கள். ஓடுகிற பஸ்ஸிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிவு. விசில் கொடுத்து வண்டியை எடுக்கச் சொன்னது அவரேதான். படியில் இன்னும் சரியாக ஏறவில்லை என்பதை மறந்துவிட்டார். நல்ல தேகம், நல்ல குரல். பஸ்ஸின் முன்பக்கம் நின்று அவர் சில்லறை கேட்டால் கடைசி சீட்டில் தூங்குகிறவன் பையைத் தடவுவான். துணைக்கு மனைவி வந்தாள். வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிளவுஸ் தைப்பவள். ஆஸ்பத்திரி யாரையும் வெறுமனே மனைவி என்று விட்டுவைக்காது. அன்றிலிருந்து அவள் அட்டெண்டர்.

"சின்ன ஆபரேஷன்தான். நாளைக்குக் காலையில முடிச்சிடலாம்" என்றார் எலும்பு டாக்டர். "ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணி கூட வாயில படக்கூடாது."

மறுநாள் காலையில் ஆபரேஷன் தியேட்டரில் கை உலர்த்தும் மெஷின் திறப்புவிழா வைத்திருந்தார்கள். சாயங்காலம் வரை ரிப்பன் கிடைக்கவில்லை. ஆபரேஷன் தள்ளிப்போன சேதி வார்டுக்கு வந்தபோது சாப்பாட்டு வண்டி போய்விட்டது. அந்தச் சேதியோடு இன்னொரு சேதியும் கைகோத்துக்கொண்டு வந்தது: ஆபரேஷன் நாளைக்கு, ஆகவே ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணி கூடக் கூடாது.

அடுத்த நாள் மயக்க டாக்டர் கையை விரித்தார். இதய டாக்டர் பார்த்துச் சொல்லாமல் மயக்கம் கொடுக்க மாட்டாராம். இதய டாக்டர், ரத்தக் குழாயில் சாயம் ஏற்றி ஒரு ஸ்கேன் எடுக்காமல் சொல்ல மாட்டாராம். ஸ்கேனுக்கு வெறும் வயிறு வேண்டும். வெறும் வயிறு கைவசம் தயாராக இருந்ததால் அது மட்டும் உடனே நடந்தது. அதற்குப் பிறகு எலும்பு டாக்டர், உலர்வின் நன்மைகள் பற்றிய மாநாட்டுக்குப் போய்விட்டார். ஆபரேஷன் மட்டும் தினமும் நாளைக்கு என்றே இருந்தது, வெறும் வயிறும் கூடவே தொடர்ந்தது.

இதற்காகக் கண்டக்டரை யாரும் கவனிக்காமல் விட்டார்கள் என்று சொன்னால் அது அபாண்டம். போட்டி போட்டுக்கொண்டு கவனித்தார்கள். வலிக்கு ஒரு வீரியமான ஊசி. வலி இல்லை என்று சொன்னாலும், வலி வந்துவிடக்கூடாதே என்று மறுபடி அதே ஊசி. சீழ் வைத்துவிடாமல் இருக்க இன்னொரு வகை ஊசி. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரஷர் மாத்திரையை நிறுத்தக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார்கள். பிரஷர் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது வேறு விஷயம். மாத்திரையை எச்சிலில் விழுங்கச் சொன்னார்கள். எச்சில் எங்கிருந்து வரும் என்பது எந்த டிபார்ட்மெண்டின் பொறுப்பு என்று யாருக்கும் தெரியவில்லை.

கட்டிலுக்கடியில் தொங்கிய பையை அவர் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் நாள் கால்வாசி இருந்தது. அடுத்த நாள் அடியில் கொஞ்சம், கடுங்காப்பி நிறத்தில். அதற்கப்புறம் பையின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"சிஸ்டர், பையில ஒண்ணுமே இறங்கலையே."

"நானும் பார்த்தேன்மா. ரொம்ப சந்தோஷம்."

"சந்தோஷமா?"

"போன மாசம் இதே கட்டில்ல ஒருத்தர் இருந்தாரு. பை நிறைய நிறைய ஊத்திக் கை ஓய்ஞ்சுபோச்சு. தரையெல்லாம் சிந்தி, கேடயமே கையை விட்டுப் போயிடுச்சு. உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். யாருக்கும் ஒரு தொந்தரவு கிடையாது."

தங்கமான மனுஷன் என்றதும் அவள் கொஞ்சம் பூரித்துத்தான் போனாள். பிறகு அப்படிப் பூரித்ததை நினைத்து நினைத்து அவள் தன்னையே திட்டிக்கொண்டது உண்டு. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவரை அப்படி ஒருவர் புகழ்ந்து அவள் கேட்டதில்லை. பஸ்ஸில் அவரைப் பற்றிப் பேசப்படுவதெல்லாம் சில்லறை சம்பந்தப்பட்டது.

கண்டக்டருக்கு நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. "ஒரு மூடி தண்ணி குடு. பாட்டில் மூடியில ஒரே ஒரு மூடி" என்றார். அந்தக் குரலைக் கேட்க அவள் காதை அவர் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

அவள் ஹெட் சிஸ்டரிடம் ஓடினாள்.

"நாளைக்கு ஆபரேஷன். தண்ணி குடுத்து ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு" என்றாள் ஹெட் சிஸ்டர். "நாங்க சொல்றதைச் சொல்லிட்டோம்."

பொறுப்பு என்ற வார்த்தைக்கு அவள் பயந்துபோனாள். திரும்பி வந்து, "நாளைக்கு ஆபரேஷன் முடிஞ்சதும் வயிறு முட்டக் குடிக்கலாங்க. இன்னிக்கு ஒருநாள் பொறுத்துக்குங்க" என்றாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கைக்குட்டையை நனைத்து வந்து அவர் உதட்டைத் துடைத்தாள். அதையும் ஓர் ஆயா பார்த்துவிட்டாள். ஈரத்துணியை வார்டுக்குள் கொண்டுவந்த குற்றத்துக்காகக் கைக்குட்டை பறிமுதலானது. அதற்கப்புறம் அவள் தாகம் எடுத்தால் அவர் கண்ணில் படாமல் வராந்தாவின் கடைசிக்குப் போய்க் குடித்தாள். ஒவ்வொரு மடக்கும் திருட்டுச் சோறு மாதிரி இறங்கியது.

கேடயத்துக்கான சோதனை வந்தது. ஒத்தடக்காரர் கண்டக்டரின் மெத்தையில் தாளை அழுத்தினார். தாள் போனபடியே மொடமொடவென்று திரும்பி வந்தது. புருவத்தை உயர்த்திய அவர் தலையணையில் அழுத்தினார், அக்குளில் அழுத்தினார். எங்கும் ஒரு பொட்டு ஈரமில்லை. கடைசியில், "நாக்கை நீட்டுங்க" என்றார். கண்டக்டருக்கு நீட்ட முடியவில்லை. ஒத்தடக்காரர் தானே வாயைத் திறந்து நாக்கின்மேல் தாளை ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வார்டு விதியை நினைத்து உடனே துடைத்துக்கொண்டார்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு நாக்கை நான் பார்த்ததில்லை" என்றார்.

இயக்குநர் ஓடோடி வந்தார். மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் பூச்செண்டு கொண்டுவந்தார். பூவில் தண்ணீர் தெளித்திருந்ததால் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். கட்டிலருகே நின்று இயக்குநர் பேசினார்.

"இந்த ஆஸ்பத்திரிக்கு நான் வந்தப்போ நோயாளிகள் குடிச்சாங்க, கழிச்சாங்க, வேர்த்தாங்க, அழுதாங்க. எல்லாம் ஈரம். இன்னிக்கு இந்த மனுஷரைப் பாருங்க. எதுவும் உள்ள போகல, எதுவும் வெளிய வரல. ஒரு நோயாளி நிர்வாகத்துக்கு இதைவிட என்ன ஒத்துழைப்புக் குடுக்க முடியும்? எல்லாரும் இவரை மாதிரி ஆகணும். ஆக்கிக் காட்டுவோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். கண்டக்டர் அவர்களைப் பார்த்து, "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டார். புத்தி தடுமாற ஆரம்பித்திருந்தது. நகைச்சுவை உணர்வு உள்ளவர் என்று இயக்குநர் அதையும் பாராட்டினார்.

கைதட்டல் ஓய்வதற்குள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்து சேர்ந்தது. ஸ்கேனுக்கு அனுப்பும்போது எடுத்த ரத்தம். இத்தனை நாளாக எந்த மேஜையில் தூங்கியதோ. மாநாட்டிலிருந்து திரும்பியிருந்த எலும்பு டாக்டர் அதைப் பார்த்து, "கிட்னி போயிருக்கு போல. கிட்னியில எலும்பு கிடையாதே" என்று ஒதுங்கிக்கொண்டார். கிட்னி டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் கட்டிலையும் பையையும் ஒரு நிமிஷம் பார்த்தார். அந்த வார்டில் யாரும் நோயாளியை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"தண்ணி இல்லாமக் காயப்போட்டிருக்கீங்க. காய்ஞ்ச கிட்னி மேல அந்த வலி ஊசி, அதுக்கு மேல சாயம், அதுக்கு மேல சீழ் ஊசி, பிரஷர் மாத்திரை. ஒவ்வொண்ணும் தனியா வந்திருந்தாத் தாங்கியிருக்கும். ஆரம்பத்துலயே டிரிப் போட்டு, ஊசியை நிறுத்தியிருந்தா நாலு நாள்ல சரியாப் போயிருக்கும்."

மனைவிக்கு முதல் தடவையாக ஏதோ புரிந்தது.

இயக்குநர் கிட்னி டாக்டரின் தோளில் கை போட்டுத் தனியாக அழைத்துப்போனார். நாலடி தள்ளித்தான், அட்டெண்டர்களுக்குக் காது இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. "டாக்டர், நம்ம ஆஸ்பத்திரிக்குள்ள கிட்னி பழுதாகிறது கிடையாது. ஒருத்தருக்குக்கூட இல்லைன்னு போன வருஷம் விருது வாங்கியிருக்கோம். மேடையில உங்களுக்கும் சால்வை போட்டாங்க, ஞாபகம் இருக்கா?"

கிட்னி டாக்டருக்கு ஞாபகம் வந்துவிட்டது. திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தார். "காரணம் என்னன்னு விசாரிக்கணும்" என்றார்.

விசாரணைக் கூட்டம் கட்டிலைச் சுற்றியே நடந்தது. வலி ஊசி தரப்பு, "எங்க ஊசியால வலி குறைஞ்சதா இல்லையா? குறைஞ்சுது. கிட்னிக்கு வலிச்சிருந்தா அதுக்கும் குறைஞ்சிருக்கும்" என்றது. ஸ்கேன் தரப்பு, "சாயத்தை நாங்க உள்ள மட்டும்தான் ஏத்துவோம். வெளிய அனுப்ப வேண்டியது பேஷண்ட்டோட கடமை" என்றது. பிரஷர் மாத்திரையை எழுதியவர், பிரஷர் தன் கட்டுப்பாட்டில்தான் இருந்தது என்றும், கட்டுப்பாட்டுக்குக் கீழேயும் இருந்தது என்றும் பெருமையாகச் சொன்னார். உலர்வுக் குழு, டிரிப் கேட்டு வந்த மனுவைப் பரிவோடு பரிசீலிக்க இருந்ததாகவும், கூட்டத்துக்கு ஆள் சேராதது யாருடைய குற்றமும் இல்லை என்றும் தெரிவித்தது. ஆளுக்கு ஆள் பூசி மெழுகியதில் கடைசியாகக் கட்டிலருகே மெழுகப்படாமல் நின்றது ஒரே ஆள்தான்.

"அட்டெண்டர் நீங்கதானே?" என்றார் இயக்குநர். "இத்தனை நாள் நீங்க இவருக்குத் தண்ணி குடுத்தீங்களா?"

"இல்லீங்க. குடுக்கக்கூடாதுன்னு..."

"குடுத்தீங்களா இல்லையா?"

"இல்லீங்க."

கூட்டம் முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது. காரணம் கிடைத்துவிட்டது.

"நீங்கதானே சார் குடுக்கக்கூடாதுன்னு சொன்னீங்க. குடுத்தா நான்தான் பொறுப்புன்னு சிஸ்டர் சொன்னாங்க. கைக்குட்டையைக் கூடப் பிடுங்கிட்டாங்க."

இயக்குநர் அனுதாபத்தோடு தலையாட்டினார். "அம்மா, நாங்க பேசறது சிந்தற தண்ணியைப் பத்தி. குடிக்கற தண்ணியைப் பத்தி இந்த ஆஸ்பத்திரிக்கு எந்தக் கொள்கையும் கிடையாது. அது குடும்ப விஷயம். குடும்ப விஷயத்துல நாங்க எப்படித் தலையிட முடியும்? நீங்க விதியைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. பரவாயில்லை, படிக்காதவங்க செய்யற தப்புதான். உங்க மேல நடவடிக்கை எதுவும் எடுக்கப்போறதில்லை."

சேதி வீட்டுக்கு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. நாத்தனார் போனில் அழுதாள். "ஒரு வாய் தண்ணி, அண்ணி. எங்க அண்ணனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க உங்களுக்கு மனசு வரலையா?" பதில் சொல்ல அவள் வாயெடுத்தால், குடுக்கவில்லை என்ற ஒன்றுதான் வந்தது. அது உண்மையாக இருந்ததுதான் அவளைக் கொன்றது.

இனி வைத்தியம். இந்த ஆஸ்பத்திரிக்குள் கிட்னி பழுதாவதில்லை என்பதால், உள்ளே இருக்கிறவரைக் கிட்னி வார்டுக்கு மாற்ற வழியில்லை. வெளியிலிருந்து வந்தால் தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள். எனவே கண்டக்டர் எலும்பு வார்டிலிருந்து குணமாகி வீடு திரும்புவதாக முடிவானது. கால் இன்னும் இரண்டு துண்டாகத்தான் இருந்தது. ஹெட் சிஸ்டர் வாசல் வரை வந்து வழியனுப்பினாள். அவளுக்கு நிஜமாகவே மனசு கனத்தது, அப்படி ஒரு படுக்கை இனிக் கிடைக்குமா என்று. தள்ளுவண்டி கேட்டைத் தாண்டிப் போகக்கூடாதாம், ரோட்டில் போனால் சக்கரம் நனைந்துவிடுமாம். மனைவி ஒரு வாடகை வண்டியைப் பிடித்தாள்.

"எங்கம்மா போகணும்?" என்றான் டிரைவர்.

"பக்கத்து கேட்டுக்குப்பா."

"இதே ஆஸ்பத்திரிக்கா? அப்ப எதுக்கு வெளிய வந்தீங்க?"

"உள்ள வர்றதுக்கு."

டிரைவர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். கண்டக்டரின் உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. தன் பாட்டிலை எடுத்துப் பின்னால் நீட்டினான். அவள் தயங்கினாள். கொடுக்கலாமா கூடாதா என்று கேட்க அந்த வண்டிக்குள் யாரும் இல்லை. அவர் தலையை மடியில் தூக்கிவைத்துக் கொடுத்தாள். கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். பாதி கழுத்தில் வழிந்து அவள் மடி நனைந்தது. அதைத் துடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் அவர் முகத்தில் ஈரம் பார்த்தாள், அழுதாள்.

கிட்னி வார்டு வாசலில் இருந்த பெண் அவள் மடியைப் பார்த்ததும் கத்தினாள். "யாரு தண்ணி குடுத்தது? கிட்னி பேஷண்ட்டுக்கு இஷ்டத்துக்குத் தண்ணி குடுக்கக்கூடாதுன்னு தெரியாதா? எப்ப இருந்து யூரின் போகல, வீட்டுல?"

"வீட்டுல இல்லீங்க. இங்கதான், எலும்பு வார்டுல..."

"அம்மா, வீட்டுலன்னு சொன்னாத்தான் கட்டில் குடுக்க முடியும். உங்களுக்குப் பின்னால ஆள் நிக்குது."

அவள் கணவரைப் பார்த்தாள். பெஞ்சில் சாய்ந்து கிடந்தார். மூச்சு சிரமமாக வாங்கியது.

"வீட்டுலதான்" என்றாள்.

"வீட்டுல தண்ணி குடுத்தீங்களா?"

"குடுக்கல."

"ஏன்?"

அந்தப் பெண் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. கட்டில் கிடைத்துவிட்டது.

ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் போட்டார்கள். உயிர் தங்கியது. கிட்னி திரும்பவில்லை. வருமா என்று கேட்டபோது, "சில பேருக்கு வரும்" என்றார் கிட்னி டாக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல். கால் ஆபரேஷனை எல்லோரும் மறந்துபோனார்கள். எலும்பு தானாகவே கோணலாகச் சேர்ந்துகொண்டது. அது எலும்பு வார்டின் வெற்றிகளில் சேர்ந்தது. கத்தி வைக்காமல் கூடிய எலும்பு என்று. அந்த மாதக் கேடயமும் அவர்களுக்கே.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், மெஷின் பிரிவின் சிஸ்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். வாரத்தில் எத்தனை தடவை மெஷினுக்கு வரவேண்டும், என்ன சாப்பிடக்கூடாது, எல்லாம். நல்ல பெண், சிரித்த முகம்.

"முக்கியமானது தண்ணி. யூரின் போகாததால குடிக்கறதெல்லாம் உடம்புலயே தங்கிடும். நுரையீரல்ல போய்ச் சேர்ந்தா மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்து. ஒரு நாளைக்கு இந்தச் சின்ன டம்ளர்ல ரெண்டு. மாத்திரைக்குக் குடிக்கறதும் அதுலதான். எவ்வளவு கெஞ்சினாலும் குடுக்கக்கூடாது, சரியாம்மா? எல்லாப் பேஷண்ட்டும் இதுலதான் ரொம்பத் தவிப்பாங்க." கண்டக்டரைப் பார்த்து உற்சாகமாகத் தலையசைத்தாள். "உங்களுக்கு அந்தக் கஷ்டம் இருக்காது சார். எலும்பு வார்டுல நல்லாப் பழக்கி அனுப்பியிருக்காங்க."

கண்டக்டர் அவளுக்கு நன்றி சொன்னார். அவருக்கு இப்போது எல்லோருக்கும் நன்றி சொல்லும் வழக்கம் வந்திருந்தது.

வீட்டில் அவர் மெஷினுக்குப் போகாத நாட்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். உடம்பு ஊதியிருந்தது, காலை நீட்டிவைத்திருப்பார். மனைவி பக்கத்திலேயே தையல் மெஷின் போட்டுத் தைப்பாள். வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், இரண்டு டம்ளரும் தீர்ந்துபோன பிறகு, அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஒரு மூடி தண்ணி குடு. ஒரே ஒரு மூடி."

அவள் மிதிப்பதை நிறுத்தினாள். சமையலறையில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. ஹெட் சிஸ்டர் இல்லை, ஆயா இல்லை, பூட்டு இல்லை.

"குடுக்கக்கூடாதுங்க" என்றாள்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இந்தத் தடவை அவள் சொன்னது சரி.